ஹாரியின் ஜூனிப்பரும் எஸ்தர் அக்காவின் பயமும்

தொலைபேசியை நான்தான் எடுத்தேன். ஆய்வுகூடத்தில் காலை வேலை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. மறுமுனையில் தேவராஜ் அண்ணன்.

"எஸ்தர் போயிட்டாம்மா" என்றார்.

"ஓம் அண்ணன், தெரியும். பல்லு டொக்டரிட்டதானே? லீவு சொல்லிப்போட்டுத்தான் போனவா" என்றேன்.

அவர் அதே சொற்களை இன்னும் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டுமே என்று வாரக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தவர் எஸ்தர் அக்கா. ஊசி வலிக்குமா, இரத்தம் நிற்குமா, மயக்கத்தில் ஏதாவது உளறிவிடுவேனா என்று என்னிடம் தினமும் கேட்டார். புறப்படுவதற்குச் சப்பாத்துப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. மூளையில் இரத்தக்குழாய் ஒன்று வெடித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். விமானம், நிலநடுக்கம், கேஸ் ஹீட்டர், ஈரமான படிக்கட்டு, மீன் முள் என்று அவர் பயந்த எதுவும் அவரைக் கொண்டுபோகவில்லை.

ஆக்லாந்தில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய பழைய மஞ்சள் காரில் ஒரு தடவையாவது ஏறியிருப்பீர்கள். "இடது பக்கம் நீ பாரு, வலது பக்கம் நான் பாக்கறேன்" என்று பக்கத்தில் இருப்பவருக்கும் வேலை கொடுத்துத்தான் அவர் வண்டியை எடுப்பார். மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர். கணவர் தேவராஜ் அண்ணனோடு எழுபதுகளில் நியூசிலாந்துக்கு வந்து, ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு வாங்கியவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, அதே ஆய்வுகூடத்தில் அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்தேன். நோயாளிகளின் உடலிலிருந்து எடுத்த திசுவை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது எங்கள் வேலை. அந்த வேலையில் அவர் கை ஒருநாளும் நடுங்கி நான் கண்டதில்லை. அது நடுங்கியதை ஒரு மரத்தின் முன்னால்தான் பார்த்தேன். அந்த மரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு நல்ல வழி தெரியவில்லை.

எஸ்தர் அக்கா வீட்டு வேலிக்கு அடுத்த பக்கம், அரசாங்க வீட்டில், ஹாரி என்ற வயதான வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். அவருடைய மனைவிதான், உயிரோடு இருந்தபோது, ஒரு ஜூனிப்பரைத் தட்டையான தொட்டியில் போன்சாயாக வளர்த்து வந்தார். ஊசியிலை மரம், முழங்கால் உயரம்தான், ஆனால் வயது ஹாரியின் மகளுக்குச் சமம். மனைவி இறந்த பிறகு ஹாரியால் அந்த மரத்தைப் பார்க்க முடியவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. துணி துவைக்கும் அறைக்குப் பின்னால், வேலியோரம் தள்ளி வைத்துவிட்டார். ஆண்டுகள் போயின. மழை பெய்தால் அதற்குத் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை.

ஓர் இலையுதிர் காலத்தில் ஹாரி குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டியதாயிற்று. மகள் வந்து வீட்டைக் காலி செய்தாள். முற்றத்தில் நின்ற குப்பைத் தொட்டிக்குள் மரமும் போகவிருந்த நேரத்தில், எஸ்தர் அக்கா வேலிக்கு மேலால் கையை நீட்டி, "அத நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அத்தோடு நிறுத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாரியைப் பார்க்கப் போனவர், கிறிஸ்மஸுக்கு மரத்தை உயிரோடு கொண்டுவந்து காட்டுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் என்னிடம் புலம்பினார்.

"எனக்கு எதுக்குலா இந்த வாய்? ஒரு ரோஜாச் செடிகூட என் கையில பொழச்சது இல்ல. அந்த மனுஷன் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு நன்றி சொல்றாரு, வசந்தி."

நூலகத்தில் இருந்த போன்சாய்ப் புத்தகங்கள் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்தன. நியூ லின்னில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் போய், அவர் அலுக்கும் வரை கேள்வி கேட்டார். திரும்பும்போது பயம் இன்னும் கூடியிருந்தது. மற்ற மரங்களைப் போல ஜூனிப்பரை அடிக்கொப்பு வரை வெட்டிவிட முடியாது. பச்சை இல்லாத கொப்பிலிருந்து அது பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. எங்கள் மரத்திலோ உள்பக்கம் முழுவதும் காய்ந்து, நீண்டுபோன கொப்புகளின் நுனியில் மட்டும்தான் பச்சை இருந்தது. "ஒரு தப்பு வெட்டு வெட்டினா அந்தக் கொப்பு அவ்வளவுதான்" என்று அவர் சொல்லிச் சொல்லி, எனக்கும் கத்தரிக்கோலைத் தொடப் பயம் வந்துவிட்டது.

ஜூனில் தொடங்கிய அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் எதையும் வெட்டவில்லை. காய்ந்த இலைகளை மட்டும் விரலால் ஆய்ந்து எடுத்தோம். களை பிடுங்கினோம். மண் கல்லாக இறுகியிருந்ததால் ஊற்றிய தண்ணீர் மேலோடு வழிந்து போயிற்று. தொட்டியோடு பெரிய வாளியில் அமிழ்த்தி வைத்தோம். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. சனிக்கிழமை காலைகளில் நான் அங்கே போவது அப்படித்தான் வழக்கமாயிற்று.

குளிர் முடியும் தறுவாயில் மண் மாற்ற வேண்டும் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். கார்க் கொட்டகையில் பழைய மேசையைப் போட்டோம். பாண் ரொட்டி வெட்டும் கத்தியைத் தொட்டியின் ஓரமாக விட்டு அறுத்து, நான் அடிமரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் தொட்டியைக் கீழே இழுத்தார். சீனச் சாப்பாட்டுக் குச்சியால் வேர்களைச் சிக்கெடுக்கத் தொடங்கியபோதுதான் அவர் கையைக் கவனித்தேன். குச்சி மேசையில் டக் டக்கென்று தட்டியது.

"என்னக்கா, உங்கட கையா இது?"

"அங்க நான் சீவறதுக்கு வலிக்காதும்மா. இது உயிரோட இருக்கில்ல" என்றார்.

ஒரு பக்கத்து வேர்கள் கறுத்து, அழுகிய மணம் வந்தது. மற்றப் பக்கத்தில் வெள்ளை நுனிகள் இருந்தன. எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்த தேவராஜ் அண்ணன், "ஆப்பரேஷன் எப்படி? ஆளு பொழைக்குமா?" என்று சிரித்தார். அவர் எதற்கும் கவலைப்படாத மனிதர். மனைவியின் கவலைகளைக் கேலி செய்தே காலம் கழித்தவர். எஸ்தர் அக்கா அவரை அதட்டி அனுப்பினார். அழுகியதை நறுக்கி, புதுத் தொட்டியில் எரிமலைக் கல்லும் மரப்பட்டையும் கலந்து நிரப்பி, மரம் ஆடாமல் கம்பியால் தொட்டியோடு கட்டினோம். காற்றே படாத இடம் என்று சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வடக்குப் பக்கம் வைத்தோம்.

அதற்குச் சில நாட்கள் கழித்து அம்மாவிடமிருந்து எனக்குத் தந்தி வந்தது. தம்பியை இராணுவம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிந்திய காலம். அப்போது எங்கள் ஊரிலிருந்து யாருக்கும் நல்ல செய்தி வந்ததில்லை. தொலைபேசி கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைத்தாலும் அம்மாவின் அழுகைதான் கேட்கும். எந்த முகாம் என்று தெரியாது. இருக்கிறானா என்றும் தெரியாது.

ஆக்லாந்தில் அன்று இருந்த தமிழர் சொற்பம். எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள். "ஒண்டும் நடக்காது, பிள்ளை. கடவுள் இருக்கிறார்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். எனக்கு ஒரு பிடி சோறும் இறங்கவில்லை. எஸ்தர் அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சமையலறையில் உட்கார வைத்தார்.

"அக்கா, ஒண்டும் நடக்காது எண்டு நீங்களும் சொல்லப் போறீங்களே?" என்று கேட்டேன்.

"எப்படிம்மா சொல்வேன்? நடக்கலாம். எனக்கே பயமா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து அழுதார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. ஏன் என்று இன்றும் என்னால் முழுதாக விளக்க முடியாது. தனியாகச் சுமந்துகொண்டிருந்ததன் மறுமுனையை ஒருவர் வந்து பிடித்த மாதிரி இருந்தது. அதன் பிறகு வேலை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குத்தான் போவேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து வானொலிச் செய்தி கேட்போம். ஜன்னலுக்கு வெளியே மரம் நிற்கும்.

ஒருநாள் அவர் பண்ணைக்காரரிடம் தொலைபேசியில் பேசியதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூனிப்பர் செத்தாலும் உடனே காட்டிக்கொடுக்காது. வேர் போன பிறகும் இலை வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். கோடை வரும்வரை எதுவும் சொல்ல முடியாது என்று பண்ணைக்காரர் சொன்னாராம். எஸ்தர் அக்கா அதைக் கவலையோடு என்னிடம் திருப்பிச் சொன்னார். சொல்லும்போதே என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"அக்கா, எனக்கு இந்த மரத்தைப் பாக்கவே பயமாக் கிடக்கு" என்றேன்.

மறுநாள் நான் போனபோது ஜன்னலுக்கு வெளியே மரம் இல்லை. கேட்டேன். "அந்தப் பக்கம் வச்சிருக்கேன். அங்கயும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். அந்தப் பக்கம் என்றால் வீட்டின் தென்மேற்கு. ஆக்லாந்தின் வசந்த காலத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேர் வெட்டிய மரத்துக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அந்தக் காற்றுதான். என் கண்ணில் படக்கூடாது என்பதற்காக, தான் வாக்குக் கொடுத்த மரத்தை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

இதை நான் அறிந்தது தேவராஜ் அண்ணன் மூலமாக. ஒரு மாலை மழையும் காற்றுமாக இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் அவர், "உன் அக்காவப் பாரு, மரத்துக்குக் குடை புடிக்கறா" என்று சிரித்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். எஸ்தர் அக்கா காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். குடை முழுவதும் மரத்தின் மேல். அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள போ வசந்தி, நனையாத" என்றார்.

நான் போகவில்லை. இருவருமாகத் தொட்டியைத் தூக்கி, பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தோம். "நான் பாக்கிறன் அக்கா, பரவாயில்லை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயம் முடிந்ததும் அவர் ஹாரியைப் பார்க்கப் போவார். சில தடவை நானும் போனேன். ஹாரி முதலில் கேட்பது மரத்தைப் பற்றித்தான். "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவர் சந்தோஷப்பட்டிருப்பார். எஸ்தர் அக்கா அதைச் சொல்லவில்லை. "தெரியாது ஹாரி. இன்னும் சாகவில்லை என்று மட்டும் நினைக்கிறேன்" என்றார். ஹாரி இருமிச் சிரித்தார். "என்னைப் பற்றியும் இங்கே அதைத்தான் சொல்கிறார்கள்" என்றார்.

டிசம்பரில் கோடை தொடங்குமுன் ஒரு பக்கம் மங்கிற்று. அழுகிய வேருக்கு நேர் மேலே இருந்த பெரிய கொப்பு. பச்சை சாம்பலாகி, பிறகு பழுப்பாயிற்று. அன்று நான் போனபோது எஸ்தர் அக்கா தரையில் முழங்காலில் இருந்தார். நகத்தால் பட்டையைச் சுரண்டியிருந்தார்.

"நீ பாரு. எனக்குக் கண்ணு தெரியல" என்றார்.

கண்ணில் கண்ணீர் நிறைந்திருந்ததால் தெரியவில்லை. நான் குனிந்து பார்த்தேன். அந்தக் கொப்பில் பட்டைக்கு அடியிலும் ஈரமில்லை, பச்சையில்லை. மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு நுனியிலும், பழைய கரும்பச்சைக்கு மேலே, எலுமிச்சைத் தளிரின் நிறத்தில் ஏதோ முளைத்திருந்தது.

"அக்கா, இந்தப் பக்கம் துளிர்க்குது."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா."

அவர் உள்ளே ஓடிப்போய்ப் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். ஒவ்வொரு நுனியாக, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு பார்த்தார். பிறகு தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, "பாதி" என்றார். "பாதியத்தான் காப்பாத்தினேன். அந்த மனுஷனுக்கு என்ன சொல்வேன்?"

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு, மரத்தை என் மடியில் வைத்துக்கொண்டு காரில் போனோம். வழி முழுவதும் அவர் மன்னிப்புக் கேட்டு ஒத்திகை பார்த்தார். ஹாரியின் முன்னால் மேசையில் வைத்ததும் அது எல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது: வேர் அழுகியிருந்தது, கொப்பு போய்விட்டது, காற்றில் வைத்தேன், என் தவறுதான். ஹாரி அவர் பேச்சைக் கேட்கவேயில்லை. மரத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சுட்டு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார்.

"தாகமாக இருக்கிறாள்" என்றார்.

தாதியை அழைக்கவில்லை. எங்களையும் விடவில்லை. நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து, தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு, மூலையில் இருந்த குழாய்க்கு நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று எஸ்தர் அக்கா இரண்டு கைகளையும் விரித்தபடி பின்னாலேயே போனார். பாதித் தண்ணீர் வழியில் சிந்தியது. மீதியை ஹாரி மரத்துக்கு ஊற்றினார். மனைவி இறந்த பிறகு அவர் அதற்கு வார்த்த முதல் தண்ணீர் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

புத்தாண்டுக்குப் பிறகு தம்பியை விட்டுவிட்டார்கள். அம்மாவின் குரல் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டது. ஆய்வுகூடத்தில் எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எஸ்தர் அக்கா மட்டும் கட்டிப்பிடிக்குமுன் கேட்டார்: "அடிச்சாங்களா?" ஓம் என்றேன். ஒரு காது கேட்கவில்லையாம் என்றேன். "எந்தக் காது?" என்றார். இடது காது என்றேன். சில ஆண்டுகள் கழித்துத் தம்பி என்னிடம் இங்கே வந்து சேர்ந்தான். அவன் அவர் வீட்டுக்கு எத்தனை தடவை சாப்பிடப் போனாலும், எஸ்தர் அக்கா அவனுக்கு வலது பக்கத்தில்தான் உட்கார்ந்தார். அது ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அவர் இறந்த பிறகுதான் சொன்னேன்.

மரத்துக்கு வடிவம் கொடுக்கக் கம்பி கட்டியது அடுத்த குளிர்காலத்தில். செத்த கொப்பை அறுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அவர் அதன் பட்டையை உரித்து, வெள்ளைக் கட்டையாக அப்படியே நிற்கவிட்டார். உயிருள்ள கொப்பைச் செப்புக் கம்பி சுற்றிக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். நான் கம்பியைப் பிடித்தேன், அவர் வளைத்தார். பாதி வழியில் 'சடக்' என்று ஒரு சத்தம். இருவரும் குனிந்து பார்த்தோம். மெல்லிய வெடிப்புத்தான். நாரால் சுற்றிக் கட்டினோம்.

"இவ்வளவு பயந்துகொண்டு ஏன் அக்கா இதைச் செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"பயம் போனப்புறம் செய்யலாம்னா, நான் இன்னும் ஈப்போவுலதான் உக்காந்திருப்பேன் லா" என்றார்.

ஹாரி அதற்கடுத்த ஆண்டு இறந்தார். மரத்தை மகள் கேட்கவில்லை. கம்பி பட்டையில் பதியுமுன் கழற்றுவதும், நுனி கிள்ளுவதும், ஆண்டுக்கு ஆண்டு திரும்பக் கட்டுவதுமாக எஸ்தர் அக்கா அதை வைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் அழகு என்றார்கள். அவரோ கடைசிவரை அதற்கு முன்னால் போகும்போதெல்லாம், தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கும் தாயைப் போலத்தான் குனிந்து பார்த்தார்.

போன வாரம் தேவராஜ் அண்ணன் என்னை அழைத்தார். அந்தத் தொட்டியை ஒருநாளும் தொடாதவர்.

"வசந்தி, நுனி கொஞ்சம் மங்கலாத் தெரியுது. தண்ணி கூடிப்போச்சா, கொறஞ்சுபோச்சா? எனக்கு ஒன்னும் புரியலம்மா."

வேலை முடிந்து போனேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம். இருவரும் குனிந்து பார்த்தோம். மங்கல் போலவும் இருந்தது, மாலை வெளிச்சம் போலவும் இருந்தது. ஒன்றும் ஆகாது என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்கும் தெரியேல்லை அண்ணன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அவருடைய தோள் கொஞ்சம் தளர்ந்ததைப் பார்த்தேன். "சோறு வைக்கறேன், இருந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார். சோறு குழைந்துபோயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம். அக்காவைப் பற்றி அவர் முதன்முறையாக அன்றைக்குத்தான் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் எஸ்தர் அக்காவின் ஏதோ ஒன்று இருக்கும்: ஒரு சமையல் முறை, ஒரு சிரிப்பு, காரில் கேட்ட ஓர் அதட்டல். என்னிடம் இருப்பது இதுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, சொல்லிவிட்டு எழுந்து போகாமல் இருப்பது.

நாளைக்கும் காற்று பலமாக இருக்கும் என்று வானொலி சொல்கிறது. வேலை முடிந்ததும் தேவராஜ் அண்ணன் வீட்டுக்குப் போவேன்.